பின்னச்சின் எண்ணெய்க் கசிவு: மலைச்சாலை வாகனங்களில் மூலம் காணும் முறை

கண்டி நகரின் வடகிழக்கே, மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதையில் அமைந்த ஊர் வத்தேகம. பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளுக்கும் செல்லும் வாகனங்கள் இவ்வூரைக் கடந்தே ஏறுகின்றன. கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிகளுக்காக வெட்டப்பட்ட தடங்கள் பல, பின்னர் தேயிலைக்கும் லொறிக்கும் உரிய சாலைகளாக மாறிய மலைநாட்டில், நூறு மீற்றர் தொடர்ந்து சமதரையாக இருக்கும் சாலைத் துண்டைக் காண்பது அரிது. ஏறும்போது முழு விசையையும் தாங்கி, இறங்கும்போது முழு வெப்பத்தையும் ஏற்று, நிறுத்தும்போதும் சரிந்தே நிற்கும் இத்தகைய வாகனங்களில், பின்னச்சிலிருந்து எண்ணெய் கசிவது மிகச் சாதாரணமான பழுது. எனினும் அதன் மூலத்தைச் சரியாகக் கண்டறிவது அத்தனை சாதாரணமானதன்று. எண்ணெய் தெரியும் இடத்திலுள்ள ஒயில் சீலைக் கழற்றிப் புதிதொன்றைப் பூட்டுவதும், சில வாரங்களில் அதே இடம் மீண்டும் நனைவதும் பல கராஜ்களில் நடப்பதுதான். பெரும்பாலான வேளைகளில் அந்தச் சீல் பழுதின் காரணமாக இருப்பதில்லை, வேறொரு பழுதினால் பாதிக்கப்பட்ட உறுப்பாகவே இருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பின் சக்கரங்களால் உந்தப்படும் வாகனங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்கள், 1982இல் நிறுவப்பட்ட லங்கா அசோக் லேலண்ட் நிறுவனத்தின் வழியாக வந்த பஸ்களும் லொறிகளும், டாட்டா பஸ்கள், ஜப்பானிய கோஸ்டர், ரோசா போன்ற நடுத்தர பஸ்கள், இசுசு எல்ஃப், மிட்சுபிசி கென்டர் லொறிகள், ஹயஸ் வான்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். நடுத்தர பஸ்ஸின் உள்ளே படுக்கை, சமையலடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைப் பொருத்தி அமைக்கப்படும் தங்குவீட்டு வாகனங்களுக்கும் கீழே இருப்பது அதே பின்னச்சே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கம் வரை பெரும்பாலும் மூடிக் கிடந்ததால், இலங்கைச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் வயது கூடியது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் பல வாகனங்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. இரப்பர் உறுப்புகளுக்கு வயதும் கேடு, ஓடாமல் நிற்பதும் கேடு. ஆகவே இப்பழுதைப் பற்றிய தெளிவு இன்று முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பின்னச்சின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டி வழியாக வரும் சுழற்சி, வாகனத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் புரப்பெல்லர் ஷாஃப்ட் என்னும் தண்டினால் பின்னச்சின் நடுவிலுள்ள குமிழ் போன்ற பகுதியை அடைகிறது. அங்கே பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்ற, சுழற்சியின் திசை செங்கோணத்தில் திரும்பி, இருபுறமும் செல்லும் எக்சல் தண்டுகளின் வழியே சக்கரங்களைச் சேர்கிறது. வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் டிபரன்சியல் என்ற பற்சக்கரத் தொகுதி கிரவுன் வீலோடு இணைந்திருக்கும். பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் ஒனேசிபோர் பெக்கர் 1820களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பு, கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் ஒவ்வொரு நிமிடமும் வேலை செய்கிறது.

பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றே விலகி அமையும் பற்சக்கர இணைக்கு ஹைப்பொயிட் என்று பெயர். 1920களில் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் இடம்பெற்ற இவ்வகை, பின்னர் எங்கும் பரவியது. இதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, பெரும் அமுக்கத்தின் கீழ் வழுக்கியும் செல்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அமுக்கத்தில் பிதுங்கி விலகிவிடும் என்பதால், கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்மங்கள் கலந்த கியர் ஒயில் பயன்படுத்தப்படுகிறது. அச்சேர்மங்கள் சூட்டில் உலோகத்தின் மேற்பரப்போடு வினைபுரிந்து பற்களைக் காக்கும் மெல்லிய படலமொன்றை உருவாக்குகின்றன. ஜி.எல். 5 என்று தகரத்தில் அச்சிடப்பட்டிருப்பது இந்தத் தரத்தையே குறிக்கிறது. இந்தக் கந்தகமே கியர் ஒயிலுக்கு அதற்கே உரிய கடும் நெடியைத் தருகிறது. கசிவின் மூலத்தைத் தேடுவோருக்கு அந்த நெடி மிகப் பெரிய துணை.

எக்சல் தண்டு பொருத்தப்படும் முறையில் இரண்டு வகைகள் உண்டு. ஹயஸ் போன்ற வான்களில் தண்டின் வெளிமுனையே சக்கரத்தைத் தாங்குகிறது. பெயரிங் தண்டின் மேல் அமர்ந்திருக்கும், அதையொட்டிய ஒயில் சீல் அச்சுக்கூட்டின் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் வராமல் தடுக்கும். பஸ், லொறி வகைகளில் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப், அச்சுக்கூட்டின் குழாய் முனையிலேயே இரண்டு கூம்பு உருளைப் பெயரிங்குகளின் மேல் சுழல்கிறது. தண்டு எந்தப் பாரத்தையும் தாங்காமல் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. வெளிப்புறத்துப் போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையில் நின்றபடியே தண்டை முழுதாக உருவி எடுக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் கசிவைத் தேடினால், வானுக்கு உரிய விடையை பஸ்ஸில் தேட நேரும்.

கசிந்திருப்பது எது என்பதே முதல் கேள்வி. பின்னச்சில் காணப்படும் ஈரமெல்லாம் பின்னச்சின் எண்ணெய் அன்று. எஞ்சினிலிருந்தும் கியர்ப் பெட்டியிலிருந்தும் கசியும் எண்ணெயை, ஓடும் வாகனத்தின் அடியில் வீசும் காற்று பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்து அச்சுக்கூட்டின் மேல் பூசிவிடும். அதிர்ச்சி தாங்கி வெடித்தாலும் அதன் எண்ணெய் அச்சின் மேல்தான் வடியும். எஞ்சின் எண்ணெய் கருத்து, புகை வாடையோடு இருக்கும். கியர் ஒயில் தேன்நிறம் முதல் பழுப்பு வரையான நிறத்தில், விரலிடையே தடிப்பாக இழுபட்டு, கந்தக நெடி வீசும். சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் பிரேக் ஒயிலா என்று பார்க்க வேண்டும். டொட் 3, டொட் 4 வகைப் பிரேக் ஒயில் நீரில் கலந்துவிடும், கியர் ஒயில் நீரில் மிதக்கும். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு துளியை விட்டுப் பார்ப்பது எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய நம்பகமான சோதனை. காற்றமுக்கப் பிரேக் கொண்ட பெரிய பஸ்ஸில் சக்கரத்தருகே பிரேக் ஒயிலுக்கே இடமில்லை என்பதால் அங்கே இந்த ஐயம் எழாது. கருத்த பசை போன்ற, நெடியற்ற கசிவு ஹப்பிலுள்ள கிரீஸ் உருகியதன் அடையாளமாகும்.

திரவம் எதுவென்று தெரிந்தபின் அதன் ஊற்றைத் தேட வேண்டும். புவியீர்ப்பு எண்ணெயைக் கீழே இழுக்கிறது, காற்று பின்னே தள்ளுகிறது, சுழலும் உறுப்பு அதை வட்டமாக வீசியெறிகிறது. ஆகவே சொட்டு விழும் இடம் கசிவின் முடிவையே காட்டும். ஊற்று வழக்கமாக ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியிலும், பெரும்பாலும் அதன் மிக முன்பக்கத்திலும் இருக்கும். பல மாதச் சேறும் எண்ணெயும் படிந்த அச்சில் இப்புள்ளியைக் காண முடியாது. மண்ணெண்ணெயோ அதற்கென விற்கப்படும் கரைப்பானோ கொண்டு அச்சுக்கூடு முழுவதையும் கழுவி, நன்கு உலர்த்தி, ஐயத்துக்குரிய இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, வழக்கமாக ஓடும் சாலையிலேயே பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓட்டிவந்து பார்த்தால், வெண்மையின் மேல் முதலில் கருக்கும் கோடு ஊற்றைக் காட்டிவிடும். எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து புறஊதா விளக்கில் பார்ப்பது இதனினும் நுட்பமான முறை.

இரவில் வாகனத்தின் அடியில் அட்டையை விரித்து வைத்துக் காலையில் சொட்டுகளைப் பார்க்கும் வழக்கம் பயனுள்ளதெனினும் முழுமையானதன்று. 80 டபிள்யூ 90 வகைக் கியர் ஒயிலின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 40 பாகை செல்சியஸிலிருந்து 100 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஏற்றத்தில் சூடேறி ஓடும்போது மட்டும் தாராளமாகக் கசிந்து, குளிர்ந்ததும் தானே அடங்கிவிடும் கசிவை இரவு அட்டை காட்டாது. நிற்கும்போது சொட்டுவது ஒரு வகை, ஓடும்போது மட்டும் கசிவது இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு.

எண்ணெய் படிந்திருக்கும் வடிவமும் தெளிவான சான்று தரும். புரப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்துக்கு நேர் மேலே, வாகனத்தின் அடித்தளத்தில் குறுக்குவாக்கில் ஒரு பட்டை போல எண்ணெய் தெளித்திருந்தால் அது பினியன் சீலின் கசிவு. சக்கரத்தின் வெளிமுகத்தில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கதிர்களாக எண்ணெய் ஓடியிருந்தால் எக்சல் தண்டின் தட்டுக்கும் ஹப்புக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பழுதடைந்திருக்கும், அல்லது போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். டயரின் உட்பக்கச் சுவரும் பிரேக் டிரம்மின் பின்தட்டின் கீழ்ப்பகுதியும் நனைந்திருந்தால் ஹப்பின் உட்சீல். அச்சுக்கூட்டின் மேற்புறமே நனைந்து, அதற்கு மேலே வேறெங்கும் ஈரமில்லையென்றால், எண்ணெய் அங்குள்ள மூச்சுவாயிலான பிரீதர் வழியாக வெளிவந்திருக்கிறது. வடிகால் மூடி, நிரப்பு மூடி, நடுக்குமிழின் கேஸ்கட், பற்றவைத்த இணைப்பு ஆகியவற்றின் கசிவுகள் மெதுவானவை. துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பினியன் சீலைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலமுறை மாற்றப்பட்டும் திரும்பத் திரும்பக் கசிவது அதுவே. சீலின் இரப்பர் உதடு, சிறிய சுருள்வில்லின் அணைப்பில், சுழலும் உலோகத்தின் மேல் படிந்திருக்கிறது. உதடு உலோகத்தை இறுக்கிப் பிடித்து எண்ணெயை அடைக்கிறது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் ஓட்டத்தின்போது இரண்டுக்கும் நடுவே மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டேயிருக்கிறது, அது இல்லையெனில் உதடு சில மணி நேரத்திலேயே கருகிவிடும். அப்படியிருந்தும் எண்ணெய் வெளியே வராததற்கு உதட்டின் வடிவமே காரணம். எண்ணெய்ப் பக்கத்தில் செங்குத்தான சரிவும் காற்றுப் பக்கத்தில் தட்டையான சரிவும் கொண்டு செதுக்கப்பட்ட உதட்டின் நுண்ணிய மேடுபள்ளங்கள், சுழற்சியின்போது படலத்து எண்ணெயை ஓயாமல் உட்புறமாகவே தள்ளுகின்றன. நல்ல ஒயில் சீல் என்பது இவ்வாறு ஒரு நுண்ணிய இறைப்பி. தலைகீழாகப் பொருத்தினால் அது அதே ஊக்கத்தோடு எண்ணெயை வெளியே இறைக்கும்.

இதிலிருந்து சில முடிவுகள் இயல்பாகவே கிடைக்கின்றன. உதடு பல ஆண்டுகள் உராய்ந்த இடத்தில் உலோகத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்; நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டுப்படும் அந்தப் பள்ளத்தின் மேல் புதிய சீலைப் பூட்டினால் பயனில்லை. மெல்லிய எஃகு உறையொன்றை அதன்மேல் செருகியோ, சீலைச் சற்று முன்பின்னாக அமர்த்தியோ, உதட்டுக்குப் புதிய தளம் தர வேண்டும். பள்ளத்தைத் தேய்க்கும் எண்ணத்தில் எமரித் தாளை அச்சின் போக்கில் இழுத்தால், அது விட்டுச்செல்லும் சாய்ந்த கீறல்கள் திருகின் புரிபோல் வேலை செய்து எண்ணெயை வெளியே நடத்திவரும். எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடி பூட்டிய உதடு முதல் கிலோமீற்றரிலேயே காயமடைகிறது. வாரக்கணக்கில் நின்ற வாகனத்திலும் நிகழ்வது இதுவே: உதட்டின் கீழிருந்த எண்ணெய் வடிந்து, இரப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ள, முதன்முறை நகர்த்தும்போது அதன் விளிம்பு பிய்கிறது. சாதாரண நைட்ரைல் இரப்பர் 100 பாகைக்கு மேல் நீண்டநேரம் இருந்தால் கடினமாகி வெடிப்பு விடும். ஃபுளோரோ இரப்பர் 200 பாகை வரை தாங்கும், விலையும் அதற்கேற்ப உயரும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் சீல் கசிந்தால், சீலை விட்டுவிட்டுப் பெயரிங்கைப் பார்க்க வேண்டும். புரப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு பினியனின் முகத்தட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியுமானால், உள்ளே பெயரிங் தேய்ந்திருக்கிறது. தண்டு தன் மையத்திலிருந்து விலகிச் சுழலும்போது எந்த உதடும் அதைத் தொடர்ந்து செல்ல முடியாது. பினியன் நட்டைக் கழற்றுமுன் அதன் நிலையைக் குறித்துக்கொள்வதும், குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மேல் முறுக்காதிருப்பதும் இன்றியமையாதவை. பெயரிங்குகளின் முன்னழுத்தம் பல அச்சுகளில் அந்த நட்டைச் சார்ந்தே இருப்பதால், ஆயிரம் ரூபாய்ச் சீலை மாற்றப்போய்ப் பற்சக்கர இணையையே பாழாக்கிவிடும் ஆபத்து இங்கே உண்டு.

மலைநாட்டு வாகனங்களில் எல்லாவற்றுக்கும் முன்பாகச் சோதிக்கப்பட வேண்டியதும், பெரும்பாலும் சோதிக்கப்படாமல் விடப்படுவதும் பிரீதர் என்னும் மூச்சுவாயில்தான். அச்சுக்கூட்டின் மேற்புறத்தில், விரல்நுனி அளவில், ஒரு சிறு மூடியாகவோ குழாயாகவோ இருக்கும் இந்த உறுப்பின் வேலை, உள்ளேயுள்ள காற்று விரியும்போது வெளியே விடுவதும் சுருங்கும்போது உள்ளே எடுப்பதுமாகும். தோட்டச் சாலையின் செம்மண் சேறு அதன்மேல் படிந்து இறுகினால் அது அடைபடுகிறது. அடைபட்ட அச்சுக்கூட்டினுள் நிகழ்வதைக் கணக்கிடுவது எளிது. காலையில் 27 பாகையில் இருந்த காற்று, ஏற்றத்தின் முடிவில் 87 பாகையை அடைந்தால், தனி வெப்பநிலை அளவில் அது 300இலிருந்து 360ஆக உயர்ந்திருக்கிறது; கனவளவு மாறாத கூட்டில் அமுக்கமும் அதே விகிதத்தில், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, கூடும். எண்ணெயும் விரிவதால் காற்றுக்குரிய இடம் மேலும் குறைகிறது. ஆக வளிமண்டல அமுக்கத்தைவிட 20 கிலோபாஸ்கலுக்கும் மேற்பட்ட அமுக்கம் ஒவ்வொரு சீலின் உதட்டையும் உள்ளிருந்து தள்ளுகிறது.

இதனுடன் மலையின் உயரமும் சேர்கிறது. கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் வளிமண்டல அமுக்கம், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 95க்கு அண்மையிலும், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81க்கு அண்மையிலும் இருக்கிறது. கொழும்பில் அடைபட்ட காற்றோடு புறப்பட்டு நுவரெலியாவை அடையும் பஸ்ஸின் அச்சுக்கூட்டில், வெப்பத்தால் கூடிய 20 கிலோபாஸ்கலோடு உயரத்தால் கூடிய 20 கிலோபாஸ்கலும் சேர்ந்துவிடுகின்றன. சாதாரண உதட்டுச் சீல்கள் ஏறத்தாழச் சம அமுக்கத்தில் வேலை செய்வதற்கென வடிவமைக்கப்பட்டவை. இவ்வளவு அமுக்கத்தில் உதடு உலோகத்தின் மேல் அழுந்தித் தட்டையாகி, படலம் நசுங்கி, விரைவில் தேய்கிறது. எங்கே தளர்வு கிடைக்கிறதோ அங்கே எண்ணெய் வெளியேறுகிறது. கராஜுக்கு வந்து சேரும்போது தெரிவது நனைந்த பினியன் சீல் மட்டுமே.

இறங்கும் வழியில் இதன் மறுபக்கம் நிகழ்கிறது. சூடான அச்சு மழைநீர் புரளும் தாழ்பாலத்தில் முக்கப்படும்போதோ, சேவை நிலையத்தில் நீர்ப்பீச்சலால் கழுவப்படும்போதோ திடீரெனக் குளிர, உட்காற்று சுருங்கி, அடைபட்ட பிரீதருக்குப் பதிலாகச் சீல்களின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நிரப்பு மூடியைத் திறந்து பார்க்கும்போது எண்ணெய் பாலேடு போல் வெளுத்திருந்தால் அது நீர் கலந்த எண்ணெய். அதனை முழுவதும் வடித்து மாற்றாமல் எந்தச் சீலையும் தொடுவது வீண் வேலை. கசிவுள்ள மலைநாட்டு வாகனத்தில் முதலில் பிரீதரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காற்று தடையின்றிச் செல்கிறதா என்று பார்த்து, அதே சாலையில் மீண்டும் ஓட்டிப் பார்த்த பின்னரே வேறெதையும் கழற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் பணச் செலவின்றி முடியும் ஒரு சோதனையை முதலில் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பிரீதரிலிருந்து ஒரு இரப்பர்க் குழாயைச் சட்டகத்தின் உயரமான பகுதிக்குக் கொண்டுபோய்விட்டால் சேறும் நீரும் அதை அணுகா.

எண்ணெயின் அளவும் இதனோடு தொடர்புடையது. நிரப்பு மூடியைத் திறந்து, துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்கிறதா என்று பார்ப்பதே முறை. ஆனால் அந்தச் சோதனை வாகனம் சமதரையில் நிற்கும்போது மட்டுமே உண்மை சொல்லும். துளை அச்சுக்கூட்டின் பின்முகத்தில் இருக்க, வாகனம் இறக்கத்தை நோக்கி நின்றால், எண்ணெய் முன்னோக்கி ஓடித் துளையருகே குறைவாகத் தோன்றும். குறைகிறதே என்று ஊற்றப்படும் கூடுதல் எண்ணெய், சமதரைக்கு வந்ததும் மிகுதியாகி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியேறும். மலைநாட்டில் கசிவென்று கருதப்படுபவற்றில் ஒரு பகுதி இவ்வாறு ஊற்றிய கைகளாலேயே உண்டாக்கப்பட்டது.

சரிவில் நிறுத்தும் பழக்கமும் ஆராயத் தக்கது. சாலையோரத்தில் இடப்பக்கச் சக்கரங்கள் தாழ்வாகவும் வலப்பக்கச் சக்கரங்கள் உயர்வாகவும் 5 பாகை சாய்வில் நிற்கும் வாகனத்தில், அச்சின் நடுவிலிருந்து 80 சென்றிமீற்றர் தொலைவிலுள்ள ஹப், நடுப்பகுதியைவிட ஏறத்தாழ 7 சென்றிமீற்றர் தாழ்ந்துவிடும். நடுக்குமிழில் அடங்கியிருந்த எண்ணெய் குழாயின் வழியே ஓடி, அந்த ஒரு ஹப்பின் சீலை இரவு முழுவதும் நனைத்துக்கொண்டிருக்கும். ஒரே பக்கத்து ஹப் மட்டும் திரும்பத் திரும்பக் கசிந்தால், வாகனம் இரவில் எப்படி நிறுத்தப்படுகிறது என்று கேட்பது பரிசோதனையின் ஒரு பகுதியாக வேண்டும். பல நாட்கள் ஒரே இடத்தில் நிற்கும் தங்குவீட்டு வாகனங்களுக்கு இது மேலும் பொருந்தும்.

தங்குவீட்டு வாகனங்களின் இன்னொரு குறை பாரத்தைப் பற்றியது. சாதாரண பஸ்ஸில் பயணிகள் ஏறி இறங்குவதால் பாரம் கூடிக் குறையும். இவற்றிலோ மரப்பெட்டிகளும் மின்கலங்களும் தண்ணீரும் ஒருபோதும் இறங்குவதில்லை. அதிலும் தண்ணீர்த் தொட்டி பின்னச்சுக்கும் பின்னால் தொங்கும்படி அமைந்தால் நெம்புகோல் விதி செயற்படுகிறது: முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் 4 மீற்றர் இடைவெளியுள்ள வாகனத்தில், பின்னச்சிலிருந்து 1 மீற்றர் பின்னே வைக்கப்பட்ட 200 கிலோகிராம் தொட்டி, பின்னச்சின் மேல் 250 கிலோகிராமாக இறங்கி, முன்னச்சிலிருந்து 50 கிலோகிராமைத் தூக்கிவிடும். தொடர்ந்த மிகைப்பாரத்தில் அச்சுக்கூடு சற்றே வளைந்தால், தண்டும் சீலும் ஒரே மையத்தில் இல்லாமல் போகின்றன. சீலின் ஒரு பக்க உதடு அழுந்தி, மறுபக்க உதடு விலகிவிடும். கழற்றிய பழைய சீலில் உதடு ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருப்பது இதற்கு உறுதியான சான்றாகும். பழைய சீலைக் குப்பையில் எறியுமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் தொழிலாளி, பழுதின் வரலாற்றில் பாதியை அதிலேயே படித்துவிடுகிறார்.

ஹப்பின் கசிவு ஏனையவற்றைப் போன்றதன்று, ஏனெனில் அது பிரேக்கைத் தொடுகிறது. 8000 கிலோகிராம் எடையுள்ள பஸ் 300 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சின் தடுப்பும் புகைக்குழாய்த் தடுப்பும் பயன்படுத்தப்படாவிடில் அந்த வெப்பம் முழுவதும் பிரேக் டிரம்களுக்குள்ளேயே பிறக்கிறது. டிரம்மின் சூடு ஹப்புக்குப் பரவ, சீல் கடினமாகிறது. உட்புகும் கியர் ஒயில் ஹப்பின் கிரீஸைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய, அந்தக் கலவை பிரேக் லைனிங்கின் மேல் வடிகிறது. எண்ணெய் ஊறிய லைனிங்கில் உராய்வு குறைவதால், பிரேக் போடும்போது வாகனம் ஈரமற்ற பக்கமாக இழுக்கப்படும். நக்கிள்ஸ் அடிவாரத்தின் ஒடுங்கிய சாலையில், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கையில், இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நனைந்த லைனிங்கைப் பெற்றோலால் கழுவியும் தீயில் வாட்டியும் மீண்டும் பூட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். நுண்துளைகளுக்குள் ஊறிய எண்ணெய் அடுத்த இறக்கத்தின் சூட்டில் மீண்டும் மேலெழும். இரு பக்க லைனிங்கையும் ஒருசேர மாற்றுவதே பாதுகாப்பு. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மின் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பஸ், லொறி வகை அச்சில் ஹப்பின் கசிவு எங்கே தொடங்குகிறது என்பதை அறிய எக்சல் தண்டை உருவிப் பார்க்கலாம். வெளிப் பெயரிங்கின் கிரீஸ் கெட்டியாகவும் நெடியற்றும் இருந்தால், குழாயிலிருந்து எண்ணெய் வரவில்லை. மிகையாகத் திணித்த கிரீஸோ, தரங்குறைந்த கிரீஸோ உருகியிருக்கிறது. அது கூழாகிக் கந்தக நெடி வீசினால், குழாய் முனையிலுள்ள சீல் எண்ணெயை ஹப்புக்குள் விட்டிருக்கிறது. ஹப் பெயரிங்குகளையே கியர் ஒயிலால் நனையவிடும் அச்சுகளும் உண்டு. அவற்றில் இந்தச் சோதனை பொருந்தாது என்பதால், வாகனத்தின் கைநூலைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கசிவு எவ்வளவு அவசரமானது என்பதைச் சொட்டுகளின் எண்ணிக்கையால் மதிப்பிடலாம். ஏறத்தாழ 20 சொட்டுகள் ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்பது நாளொன்றுக்கு 72 மில்லிலீற்றர், மாதமொன்றுக்கு இரண்டு லீற்றருக்கும் மேல். 4 அல்லது 5 லீற்றர் கொள்ளும் அச்சில் அது பாதியை நெருங்கும் இழப்பாகும். ஏற்றத்தில் எண்ணெய் பின்னோக்கிச் சரிய, பினியனின் முன்பெயரிங் முதலில் உலர்ந்து, வேகத்தோடு உயரும் ஊளைச் சத்தம் எழுகிறது. அந்தச் சத்தம் கேட்டபின் எண்ணெய் ஊற்றினாலும் பற்களில் விழுந்த காயம் ஆறாது. இதற்கு மாறாக, கேஸ்கட்டின் ஓரத்தில் துடைத்தால் நாட்கணக்கில் மீண்டும் படியும் மெல்லிய ஈரம், அளவைக் கவனித்துக்கொண்டே அடுத்த பராமரிப்பு வரை ஓட்டக்கூடியது. பிரேக்கைத் தொடும் கசிவில் மட்டும் சொட்டெண்ணிக்கைக்கு இடமில்லை. வாகனம் அங்கேயே நிறுத்தப்பட வேண்டும்.

பழுது நீக்கியபின் அச்சுக்கூட்டை மீண்டும் துடைத்துப் பவுடர் தூவி, முன்பு ஓட்டிய அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிய சீலின் உதடு தன் தளத்தில் படியும் வரை, அதாவது முதல் சில மணி நேர ஓட்டத்தில், ஓரத்தில் ஒரு மெல்லிய ஈரக்கோடு தோன்றுவது இயல்பு. அதைத் துடைத்துவிட்டு நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் தோன்றுகிறதா என்றும், சமதரையில் நிறுத்தித் திறந்த நிரப்புத் துளையில் எண்ணெய் அதே விளிம்பில் நிற்கிறதா என்றும் பார்த்த பின்னரே அந்த வாகனத்தைப் பன்வில ஏற்றத்துக்கு மீண்டும் அனுப்ப வேண்டும்.